ஒரு வருடம் தாங்கும் ஜெல் ஊசி: அம்மாவுக்குப் போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். போன வருடம் வலது காலில் வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஜெல் ஊசி போட்டோம். நான்கு மாதம் நன்றாக நடந்தார், பிறகு பழையபடி வலி. இப்போது ஒரே ஊசியில் ஒரு வருடம் தாங்கும் புது மருந்து வந்திருக்கிறது என்று, மருத்துவமனைக்கு ஆள் சேர்த்துவிடும் ஒருவர் சொல்கிறார். இரண்டு காலுக்கும் சேர்த்து முன்பணம் கட்டினால் சலுகையாம். போடலாமா, இன்னும் நல்ல மருந்து வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: முதலில், முன்பணம் கட்டாதீர்கள்.

ஜெல் மூட்டுக்குள் எத்தனை நாள் இருக்கிறது என்பது ஒன்று. வலி எத்தனை நாள் குறைந்திருக்கிறது என்பது வேறு. விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கித்தான் பேசுகிறார்கள்.

நல்ல முழங்காலில் மூட்டுத் திரவம் ஒரு டீஸ்பூன்கூட இருக்காது. அதற்கு வழவழப்பும் கெட்டித்தன்மையும் தருவது ஹயலுரானிக் அமிலம். தேய்மானத்தில் அது நீர்த்துப்போகிறது. குறைந்ததை ஊசியால் நிரப்புவோம் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் யோசனை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூட்டு என்பது எண்ணெய் ஊற்றி மூடிவைத்த டப்பா அல்ல. அதன் உள்ளுறை திரவத்தை ஓயாமல் உறிஞ்சிப் புதிதாகச் சுரக்கிறது. சாதாரண ஜெல் ஓரிரு நாளிலேயே பெரும்பாலும் வெளியேறிவிடும்.

அப்படியானால் அம்மா நான்கு மாதம் நன்றாக நடந்தது எப்படி? ஜெல் உள்ளே இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அழற்சி தணிந்திருக்கலாம். இந்த நோயே ஏறி இறங்குவது, வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஊசிக்குப் போகிறோம், அதற்கப்புறம் அது இறங்கத்தான் செய்யும். வெறும் உப்புநீரை மூட்டில் ஏற்றினாலும் பலருக்கு வலி குறைகிறது. 2022இல் 169 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அவற்றில் பெரிய ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, பொய் ஊசியைவிட ஜெல் ஊசி வலியைக் கூடுதலாகக் குறைத்தது, 100 புள்ளி கொண்ட வலி அளவுகோலில் 2 புள்ளி அளவுதான். அம்மாவின் நிம்மதி பொய் என்று நான் சொல்லவில்லை. அது ஜெல்லால்தான் வந்தது என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஊசிக்குப் பணம் கட்டாதீர்கள் என்கிறேன்.

நீண்ட நாள் நிற்க வைப்பதற்காக அமிலத்தின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். அமெரிக்காவில் 2009இல் அனுமதி பெற்ற 6 மில்லி ஒற்றை ஊசி அந்த வகை. பிணைத்த ஜெல் உள்ளே நிற்பது நாட்களையும் வாரங்களையும் கொண்டு அளக்கும் விஷயம், வருடக் கணக்கில் அல்ல.

இதில் எனக்கு நெடுநாள் கோபம் ஒன்று உண்டு. 1997இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த ஊசிகளை மருந்து என்று அல்ல, மருத்துவச் சாதனம் என்று அனுமதித்தது. ஏதோ உதிரிபாகம் மாட்டுவதுபோல! இவை வலியைக் குறைப்பது உடலுக்குள் நடக்கும் வேதிவினையால் இருக்கலாம், எனவே மருந்தாகக் கருத உத்தேசிக்கிறோம் என்று அந்த அமைப்பே அறிவித்தது 2018இல்தான். இடையில் போன 21 வருடத்தில் எத்தனை முழங்காலில் ஊசி ஏறியிருக்கும்!

காத்திருப்பது பற்றி. நல்ல வேலை நடக்கத்தான் செய்கிறது. மூட்டு வழுக்குவதற்குத் திரவத்தின் கெட்டித்தன்மை மட்டும் போதாது, குருத்தெலும்பின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலமும் வேண்டும். இஸ்ரேலில் ஜேக்கப் க்ளைன் குழு கொழுப்பு மூலக்கூறுகளாலான நுண்குமிழ்களைக் கொண்டு அந்தப் படலத்தை உண்டாக்கப் பார்க்கிறது. பாஸ்டனில் மார்க் க்ரின்ஸ்டாஃப் குழு, உடலின் நொதிகள் எளிதில் அரிக்க முடியாத செயற்கை மசகை உருவாக்கியது. லூப்ரிசின் என்ற, மூட்டே சுரக்கும் புரதத்தைச் செயற்கையாகத் தயாரிக்கும் முயற்சியும் உண்டு. எதையும் நம்பி அம்மாவின் நடையைத் தள்ளிப்போட வேண்டாம். "அந்தப் புது மருந்து எங்களிடம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆய்வில் இருக்கும் மருந்தைச் சலுகை விலையில் விற்கமாட்டார்கள். "ஜவ்வு திரும்ப வளரும்" என்பவரிடமும் அப்படியே. எந்த ஜெல்லும் தேய்ந்த குருத்தெலும்பை வளர்ப்பதில்லை.

சரி, போடவே கூடாதா? எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி இன்னும் இருந்து, சிறுநீரகமோ வயிறோ வலி மாத்திரையைத் தாங்காது என்றால், இவ்வளவும் தெரிந்துகொண்டு ஒருமுறை முயலலாம். எலும்போடு எலும்பு உரசும் நிலை என்றால் வேண்டாம். தொடைத் தசைக்கான பயிற்சியும் எடைக் குறைப்பும் எப்படியும் நடக்கட்டும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அம்மாவுக்கு இது இரண்டாவது சுற்று. பிணைத்த ஜெல்லை முன்பு போட்டவருக்கு மறுபடி போடும்போது, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் மூட்டு வீங்கிச் சூடாகி, கால் ஊன்ற முடியாமல் போகலாம். முதல் முறையைவிட இரண்டாம் முறையில்தான் இது அதிகம். உடல் அந்த ஜெல்லை அந்நியப் பொருளாக அடையாளம் கண்டுகொள்கிறது. பார்க்க அப்படியே கிருமித் தொற்று மாதிரி இருக்கும். "ஊசி போட்டால் கொஞ்சம் வீங்கும்" என்று தொலைபேசியில் சமாதானம் சொல்வதை ஏற்காதீர்கள். அன்றைக்கே திரவத்தை உறிஞ்சிப் பரிசோதிக்க வேண்டும். அதற்கு முன்பு வீட்டில் இருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டால், உண்மையான தொற்றாக இருந்தாலும் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம். சில வகை ஜெல் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்படுவது. கோழி, முட்டை அம்மாவுக்கு ஒவ்வாது என்றால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எனவே இடைத்தரகரை விட்டுவிட்டு, போன வருடம் போட்டது பிணைத்த ஜெல்லா என்று தெரிந்துகொள்ள, அந்த ஊசியின் பெயரைத் தேடுங்கள். பழைய சீட்டிலோ பில்லிலோ இருக்கும், இல்லையென்றால் போட்ட இடத்தில் எழுதி வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவின் முழங்காலைத் தொட்டுப் பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் பேசுங்கள். அவர் போடலாம் என்றால் வலது காலுக்கு மட்டும் போடட்டும், இரண்டும் ஒன்றாக வீங்கினால் ஊன்றக் கால் இருக்காது. உங்கள் எதிரிலேயே பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, அதன் ஸ்டிக்கரை அம்மாவின் கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள்.