பெயிண்ட் உரிகிறது, 'பறவை எச்சம்' என்கிறார்கள்: வழக்குப் போடலாமா?

கேள்வி: தூத்துக்குடியில் வசிக்கிறேன். 2022 மே மாதம் திருநெல்வேலி ஷோரூம் ஒன்றில் 11 லட்சம் ரூபாய்க்குச் சிவப்பு நிறக் கார் வாங்கினேன். சொந்த உபயோகத்துக்குத்தான். மூன்று வருட வாரண்டி. 2024 டிசம்பர் சர்வீஸின்போது பானெட்டில் வெள்ளைத் திட்டு இருப்பதைச் சொன்னேன். பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது பானெட்டிலும் கூரையிலும் மேல்பூச்சு தோல் உரிவதுபோல உரிகிறது. "பறவை எச்சம், உப்புக்காற்று, வாரண்டியும் முடிந்துவிட்டது" என்று 2025 அக்டோபரில் மெயில் அனுப்பிவிட்டார்கள். புது கார் கேட்டு வழக்குப் போடலாமா சார்?

பதில்: வழக்குப் போடலாம். புது கார் கேட்டுப் போடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. வண்டியை இப்போதைக்குப் பெயிண்டரிடம் விட்டுவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர், பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று பானெட்டைத் தேய்த்துப் புது பெயிண்ட் அடித்துவிட்டு, பில்லோடு வந்து நின்றார். பில் இருந்தது, குறை இல்லை. எதை வைத்து வாதாடுவது?

உங்கள் வண்டியில் போயிருப்பது நிறம் இல்லை, அதன்மேல் கண்ணாடிபோல அடிக்கும் கிளியர் கோட். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வெளுத்த இடத்தில் தண்ணீர் தெளித்தால் வெள்ளை மறைந்து சிவப்பு பளிச்சென்று தெரியும். காய்ந்ததும் திட்டு திரும்ப வந்துவிடும். இதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். திட்டின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் விளிம்பு தட்டுப்படும். அந்த நிலைக்கு வந்தபிறகு பாலிஷ் போடுவது வீண்; மிச்சம் இருப்பதையும் அது தேய்த்து எடுத்துவிடும்.

எச்சம் என்ற வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. எச்சத்தில் உள்ள அமிலம் பூச்சை அரிக்கும்; எச்சம், மரப்பால், உப்புக்காற்றால் வரும் சேதத்தை வாரண்டிப் புத்தகத்திலேயே பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். ஆனால் எச்சம் விழுந்த இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காசளவு தழும்புதான் விழும். பானெட்டும் கூரையும் தகடு தகடாகப் பிரிவது வேறு கதை. "வெயில்" என்று சொன்னால், தூத்துக்குடி வெயிலை மூன்று வருடம் தாங்காத பூச்சை இந்த ஊரில் ஏன் விற்றீர்கள் என்று நாம் கேட்கலாம்.

அடுத்து, பெயிண்டின் கனத்தை அளக்கும் மீட்டர் வைத்திருக்கும், வாகனச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஒருவரிடம் எல்லாப் பேனலையும் அளந்து, கையெழுத்துப் போட்ட அறிக்கை வாங்குங்கள். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். கதவுகள் 120 காட்டி, பானெட் மட்டும் 250 காட்டினால் அதில் யாரோ மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நீங்கள் அடிக்கவில்லை என்றால், டெலிவரிக்கு முன்பே வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டில் கீறல் விழுந்து, அதை மறைத்து விற்றிருக்க வாய்ப்பு உண்டு. அப்போது வழக்கின் முகமே மாறிவிடும்: முறையற்ற வணிகம் என்று டீலர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எல்லாப் பேனலும் ஒரே அளவு என்றால் தயாரிப்புக் குறை, கம்பெனியின் பொறுப்பு. எப்படியானாலும் இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டிவிட்டுப் போவார்.

வாரண்டி முடிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். வாரண்டி இருக்கும்போதே சொன்னீர்களா என்பதுதான் கேள்வி. அதனால் சர்வீஸுக்கு விட்டபோது புகாரையும் வேலையையும் எழுதித் தந்த 2024 டிசம்பர் ஜாப் கார்டுதான் உங்கள் வழக்கின் உயிர். அதில் 'பாலிஷ்' என்று மட்டும் இருக்கிறதா, வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் வெள்ளைத் திட்டு பற்றி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். காகிதம் தொலைந்திருந்தால் சர்வீஸ் விவரம் கேட்டு மெயில் போடுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34-ன்படி, காரைத் திருநெல்வேலியில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்டமே போதும்; 11 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். பிரிவு 69 தரும் கெடு இரண்டு வருடம். மறுப்பு மெயில் வந்த நாளிலிருந்து எண்ணலாமே என்று தோன்றும். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் புகாரிலிருந்துதான் எண்ணுவார். நாமும் அப்படியே எண்ணி, 2026 டிசம்பருக்குள் தாக்கல் செய்துவிடுவது நல்லது. சோதனை தேவை என்று ஆணையம் நினைத்தால் பிரிவு 38-ன்கீழ் ஆய்வுக்கு அனுப்பும். அந்தச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

புதிய சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' (குறையுள்ள பொருளால் வரும் தீங்குக்கு இழப்பீடு) என்று ஓர் அத்தியாயம் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். பிரிவு 2(22)-ஐப் படித்தால், அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அதில் வராது. பெயிண்ட் உரிந்தது காருக்கே வந்த சேதம். எனவே சாதாரணக் குறைபாடு, சேவைக் குறைபாடு என்றே மனு இருக்கட்டும்.

இப்போது புது கார் விஷயம். கிளட்ச் கோளாறுக்காகக் காரையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் 2006-ல் ரத்து செய்தது. வாரண்டியில் சொன்னது பழுதான பாகத்துக்குத்தான், முழுக் காருக்கு இல்லை என்றது. நன்றாக ஓடும் வண்டிக்குப் பெயிண்டைச் சொல்லிப் புது கார் கேட்டால் மனுவின் எடைதான் குறையும். பானெட்டையும் கூரையையும் தேய்த்து எடுத்து, நிறம் தரும் பேஸ் கோட்டும் அதன்மேல் கிளியர் கோட்டும் புதிதாக அடித்துத் தரக் கேளுங்கள். இல்லையென்றால் அதற்கான தொகை. கூடவே மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு.

சர்வேயர் அறிக்கை கைக்கு வந்ததும் டீலருக்கும் கம்பெனிக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்து வையுங்கள். சில டீலர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். அப்படி வந்து 'நல்லெண்ண அடிப்படையில் பாதிச் செலவு' என்று ஏதாவது காகிதம் நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.