வேர் யாரைக் கூப்பிடுகிறது? கேள்வி பதில்

மண்ணுக்குள் வேர்கள் விடும் வேதிச் செய்திகளைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: வேர் நிஜமாகவே பேசுகிறதா?

வேர் கசியவிடும் சர்க்கரையும் அமினோ அமிலமும் பெரும்பாலும் நுண்ணுயிர்களுக்குத் தீனிதான். ஆனால் சில பொருள்களை அடையாளம் காண எதிர்த்தரப்பில் தனிப் புரதமே இருக்கிறது. அதைத்தான் நான் பேச்சு என்பேன். வேரை ஒட்டிய இந்தச் சுறுசுறுப்பான மண்ணுக்கு 1904-இல் 'ரைசோஸ்பியர்' என்று பெயர் வைத்தவர் லோரென்ஸ் ஹில்ட்னர்.

கேள்வி: பயறுச் செடிகளில் வேர்முடிச்சு எப்படி உருவாகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கதை இது. தழைச்சத்து (நைட்ரஜன்) போதாத சோயா வேர், ஜெனிஸ்டீன் போன்ற ஃபிளேவனாய்டுகள் என்ற வேதிப்பொருள்களை வெளிவிடும். மண்ணிலுள்ள ரைசோபியம் வகை பாக்டீரியாவின் 'நாட்-டி' புரதம் அதை உணர்ந்ததும், பாக்டீரியா தன் பங்குக்கு 'நாட் காரணி' என்ற பொருளைச் செய்து அனுப்பும். அதன் துளியூண்டு அளவு பட்டாலே வேர்த்தூவி கொக்கி போல வளைந்து பாக்டீரியாவைச் சுருட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு மெல்லிய குழாய் வழியாக அது வேருக்குள் போகும். அங்கே உருவாகும் முடிச்சுக்குள் இருந்தபடி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தரும்.

பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுத்து, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் தரும் நிறம் அது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு தழைச்சத்து தருவதில்லை.

கேள்வி: யூரியா நிறையப் போட்டால்?

முடிச்சு குறையும். வயிறு நிறைந்த செடி யாரையும் கூப்பிடாது.

கேள்வி: இந்தச் செய்தியை எதிரிகள் ஒட்டுக்கேட்க முடியுமா?

முடியும், கேட்கவும் செய்கின்றன. 1966-இல் பருத்தி வேர்க்கசிவிலிருந்து 'ஸ்ட்ரைகால்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சோள வேரை உறிஞ்சி வாழும் சுடுமல்லி என்ற களையின் விதையை முளைக்க வைக்கும் பொருள் அது. சோள வேரும் இதே வகைப் பொருளை விடுகிறது. தன் எதிரியை எழுப்பும் பொருளை ஒரு செடி ஏன் விடவேண்டும்? 2005-இல்தான் விடை கிடைத்தது. மண்ணிலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துத் தரும் பூஞ்சைக்குச் செடி விடும் அழைப்பு அது; அது பட்டால் பூஞ்சை இழை கிளைகிளையாகப் பிரிந்து வேரைத் தேடும். சுடுமல்லி அந்த அழைப்பைத்தான் திருட்டுத்தனமாகக் கேட்டு முளைக்கிறது. இதையே நமக்குச் சாதகமாகத் திருப்பலாம்: சுடுமல்லியால் பருத்தி வேரில் ஒட்டி வாழ முடியாது. அதனால் பருத்தி விதைத்த நிலத்தில் முளைக்கும் சுடுமல்லி அப்படியே சாகும்.

கேள்வி: பூச்சி தாக்கினால் வேர் உதவி கேட்குமா?

மக்காச்சோளம் கேட்கும். வேர்ப்புழு கடித்ததும் கேரியோஃபிலீன் என்ற வாசனைப்பொருளை விடும். அதை மோப்பம் பிடித்து வரும் நூற்புழுக்கள் வேர்ப்புழுவைக் கொல்லும். வட அமெரிக்க ரகங்கள் பலவற்றில் இந்தத் திறனே தொலைந்துவிட்டது. விளைச்சலை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் இப்படியும் இழப்பு வரும் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கேள்வி: சோயாவுக்கு வாங்கிய ரைசோபியம் மீதி இருக்கிறது. கொண்டைக்கடலைக்குப் போடலாமா?

வேண்டாம். கொண்டைக்கடலைக்கு வேறு இனம் வேண்டும். சோயாவின் பாக்டீரியா அனுப்பும் நாட் காரணி அதன் வேருக்குப் புரியாது. பாக்கெட்டில் பயிரின் பெயரைப் பார்த்தே வாங்குங்கள்.