பெர்ட்ராமைத் திட்டி எழுதினால் மார்க் குறையுமா?

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஷேக்ஸ்பியரின் 'ஆல்ஸ் வெல் தட் எண்ட்ஸ் வெல்' நாடகத்தில் பெர்ட்ராம் பாத்திரம் பற்றி 15 மார்க் கேள்வி வரும் என்கிறார்கள். அரசன் அதட்டியதால் ஹெலெனாவை மணந்துவிட்டு, உடனே அவளை விட்டுப் போருக்கு ஓடும் இளம் பிரபு அவன். எனக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். கைடிலோ, 'கூடா நட்பால் கெட்டு, முடிவில் திருந்தும் இளைஞன்' என்று இருக்கிறது. என் மனதில் பட்டதை எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதலாம் அம்மா. உங்கள் எரிச்சலுக்குப் பெரிய இடத்துத் துணை இருக்கிறது. 1765-இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பித்த சாமுவேல் ஜான்சன், பெர்ட்ராமை என் மனம் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தார். கோழையாக மணந்தான், ஒழுக்கம் கெட்டவனாக விட்டுப் போனான், பொய் சொல்லித் தப்பப் பார்த்தான், அவனைப் போய் வாழ்த்தி அனுப்புகிறார்களே என்பது அவர் கோபம். கவிஞர் கோலரிட்ஜ் எதிர்க்கட்சி. பிரபு குலத்தில் பிறந்து அப்போதுதான் மீசை முளைக்கும் பையன் வேறு எப்படி இருப்பான் என்று கேட்டவர். இருவரையும் ஆளுக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டு நாடகத்துக்குள் போய்விடுங்கள். விமர்சகர் பெயரை அடுக்கினால் மார்க் விழும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நான் முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவன். பத்துப் பெயர் இருக்கும் தாளில் பெரும்பாலும் நாடகம் இருக்காது.

இப்போது அந்த கைடு விஷயம். 'கூடா நட்பு' என்பது கைடுக்காரர் கண்டுபிடித்ததல்ல, பெர்ட்ராமின் அம்மா சொல்வது. பரோல்ஸ் என்ற வாய்ச்சவடால்காரன்தான் என் பிள்ளையைக் கெடுத்தான் என்று மூன்றாம் அங்கத்தில் புலம்புகிறாள். எந்த ஊர் அம்மாதான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள்? கைடு அதை அப்படியே தீர்ப்பாக்கிவிட்டது.

நீங்கள் இரண்டாம் அங்கம் மூன்றாம் காட்சியைத் திறந்து வைத்துக்கொண்டு யார் முதலில் பேசுகிறார்கள் என்று பாருங்கள். அரசனின் புரையோடிய புண்ணை ஆற்றியதற்குப் பரிசாக, வைத்தியர் மகள் ஹெலெனா தனக்குப் பிடித்த மாப்பிள்ளையாகப் பெர்ட்ராமைத் தேர்ந்தெடுக்கிறாள். ஏழை வைத்தியர் மகளா எனக்கு மனைவி, என் அப்பா செலவில் வளர்ந்தவளாச்சே என்கிறான் பெர்ட்ராம். அப்போது பரோல்ஸ் வாயே திறக்கவில்லை. கல்யாணம் முடிந்து வெளியே வந்ததும், போருக்குப் போகிறேன், அவளோடு படுக்க மாட்டேன் என்று முதலில் சொல்வதும் பெர்ட்ராம்தான். பரோல்ஸ் அதற்கு ஒத்து ஊதுகிறான், அவ்வளவே. அப்புறம் நாலாம் அங்கத்தில் பரோல்ஸின் கண்ணைக் கட்டி, அவன் சாயம் எல்லார் முன்னாலும் வெளுத்துவிடுகிறது. கெட்ட சகவாசம் ஒழிந்தது. அதன் பிறகு ஐந்தாம் அங்கத்தில் பெர்ட்ராம் சொல்லும் பொய்கள் முன்னைவிட மோசம். இதை ஒரு பத்தியில் எழுதினாலே கைடைத் தாண்டிவிடுவீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவன் பக்கம் நியாயம் உண்டு. அதைத் தவறவிடாதீர்கள். அப்பா இறந்ததால் பெர்ட்ராம் அரசனின் காப்பில் இருக்கும் வாரிசு. நாடகம் நடப்பது பிரான்சில், பார்த்தவர்கள் லண்டன்காரர்கள். அவர்கள் ஊரில் இப்படிப்பட்ட வாரிசுகளின் காப்புரிமையைக் காசு கொடுத்து வாங்கலாம், வாங்கியவர் கல்யாணமும் பேசலாம். அதற்கென்று 1540-இல் தனி நீதிமன்றமே ஏற்படுத்தினார்கள். அநாதைப் பிள்ளையை வைத்து நடந்த தரகு வேலை, வேறென்ன? ஆனால் அதிலும் ஒரு வரம்பு இருந்தது. வாரிசை அந்தஸ்துக்குக் கீழே கட்டிவைக்கக் கூடாது என்று 1215-இன் மாக்னா கார்ட்டா என்ற இங்கிலாந்து உரிமைச் சாசனமே சொல்கிறது. ஷேக்ஸ்பியர் தன் கவிதையைக் காணிக்கையாக்கிய சவுத்தாம்ப்டன் பிரபுவும் இப்படிக் காப்பில் வளர்ந்தவர்தான். காப்பாளர் தன் பேத்தியைப் பேச, அவர் மறுத்துவிட்டார். அதற்குப் பெரிய தொகை தண்டம் கட்டியதாகச் சொல்வார்கள். ஆகவே பெர்ட்ராம் முதலில் 'முடியாது' என்றபோது, அன்றைய பார்வையாளர்களில் சிலராவது தலையாட்டியிருப்பார்கள். அரசன், பட்டம்தானே குறை, அதை நான் தருகிறேன் என்கிறான். அவளை நேசிக்க என்னால் முடியாது, முயலவும் மாட்டேன் என்கிறான் பெர்ட்ராம். இதுவரை அவன் பேச்சில் குறையில்லை. அரசன் அதட்டியதும், இவள் பிறவியிலேயே பிரபு வீட்டுப் பெண் போலத் தெரிகிறாள் என்று ஒரே மூச்சில் பல்டி அடிக்கிறானே, அங்கேதான் ஜான்சன் சொன்ன கோழை வெளியே வருகிறான்.

நேரம் இருந்தால் இன்னொரு இடம். மனைவி செத்துவிட்டாள் என்று செய்தி வந்த இரவு, இன்றைக்குப் பதினாறு வேலை முடித்தேன் என்று கணக்குச் சொல்கிறான். போருக்குப் போன பிளாரன்ஸின் டியூக்கிடம் விடைபெற்றது, மனைவியைப் புதைத்தது, அவளுக்காகத் துக்கம் காத்தது, அம்மாவுக்குக் கடிதம் போட்டது எல்லாம் ஒரே பட்டியலில். விளக்கமே வேண்டாம். மேற்கோள் போட்டால் போதும்.

மோதிரத்தில் மட்டும் ஜாக்கிரதை. நாடகத்தில் இரண்டு மோதிரம். ஒன்று பெர்ட்ராமின் பரம்பரை மோதிரம், பிளாரன்ஸில் டயானா என்ற பெண்ணிடம் ஆசை வெறியில் கழற்றிக் கொடுத்தது. மற்றது அரசன் ஹெலெனாவுக்குத் தந்தது, டயானா என்று நினைத்து அவன் ஹெலெனாவோடு படுத்த இருட்டில் பெர்ட்ராம் விரலுக்கு வந்தது. கடைசிக் காட்சியில் அரசன் முதலில் அடையாளம் காண்பது இரண்டாவதை. ஜன்னலிலிருந்து ஒரு சீமாட்டி காகிதத்தில் சுற்றி எறிந்தாள் என்று பெர்ட்ராம் கதை விடுவது அதற்குத்தான். நான் பார்த்த கைடு ஒன்றில் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தார்கள். அதைப் படித்த வகுப்பு முழுக்க அதையே எழுதிவைத்தது.

வாட்ஸ்அப்பில் 'ரெடிமேட் அசைன்மென்ட்' விற்கும் ஆட்களிடம் போகவே போகாதீர்கள். ஒரே பிடிஎஃப்பைப் பெயர் மாற்றி நாற்பது பேருக்கு விற்பார்கள். ஒரே விடைத்தாள் கட்டுக்குள் பதினோரு தாளில் ஒரே எழுத்துப்பிழை வந்து நான் பார்த்திருக்கிறேன். அதில் பிள்ளைகள் தப்பு மட்டும் இல்லை. வருஷா வருஷம் அதே 'கேரக்டர் ஸ்கெட்ச்' கேள்வியைத் தூசி தட்டிக் கேட்டால் விற்கத்தான் செய்வான். அதை மாற்றச் சொல்லிக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசிப் பார்த்தேன். டீயும் பிஸ்கட்டும் வந்தன, கேள்வி மாறவில்லை.

சரி, 'திருந்தினான்' என்பதற்கு என்ன பதில்? செத்ததாக நினைத்தவள் உயிரோடு வந்து நிற்கிறாள். ஒரு மன்னிப்பு கேட்கிறான். பிறகு ஹெலெனாவிடம் அல்ல, அரசனைப் பார்த்து இரண்டு வரி பேசுகிறான்: இதையெல்லாம் இவள் எனக்குத் தெளிவாக்கினால், இவளை என்றென்றும் நேசிப்பேன். அந்த இரண்டு வரியையும் ஆங்கிலத்தில் அப்படியே எழுதி, முதல் சொல்லான 'இஃப்'-புக்கு அடியில் ஒரு கோடு போடுங்கள். பென்சிலிலேயே போடுங்கள், கலர் பேனாவைக் கண்டால் சில இடங்களில் தாளைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறார்கள்.