வெள்ளைப் பொருக்குப் பிடித்த பழைய மீன் தொட்டியை வாங்கலாமா?

கேள்வி: மதுரை திருநகரில் குடியிருக்கிறோம். மாடி வீட்டுக்காரர் மாற்றலாகி வெளியூர் போகிறார். மொட்டை மாடியில் வெகுநாளாகக் கிடக்கும் மூன்றடி மீன் தொட்டியை, “உங்களுக்குத் தோன்றியதைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். என் மகளுக்கு மீன் வளர்க்கக் கொள்ளை ஆசை. ஆனால் தொட்டியின் உட்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருக்கிறது. ஒரு மூலையில் சோப்புப் பொடி போட்டுக் கம்பி நாரால் தேய்த்துப் பார்த்தேன், அசையவில்லை. ஹார்டுவேர் கடையில் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்கிறார்கள். மீன் கடைக்காரரோ, “இது தேறாது, புதிது வாங்குங்கள்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். பொருக்கு போய்விடும். பழைய தொட்டியின் உயிர் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிகோன் பசையில் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், பிறகு பணம் கொடுங்கள். தனி மனிதர் ஒருவர் தன் வீட்டுப் பழைய பொருளை விற்கும்போது ரசீதும் கிடையாது, நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கவும் வழியில்லை. நுகர்வோர் சட்டம் வியாபாரியிடம் வாங்கியவருக்குத்தான் கைகொடுக்கும். அதனால் சோதனையைத் தொட்டி அவர் வீட்டில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

மூலைகளில் ஓடும் பசைக் கோட்டை விரல் நகத்தால் மெல்ல அழுத்துங்கள். ரப்பர் போல் அழுந்தித் திரும்பினால் நல்லது. விளிம்பு உரிந்து எழும்பினாலோ, இரண்டு கண்ணாடிகள் சேரும் இடத்தில் பால் நிறத்தில் திட்டுத் திட்டாகவோ குமிழ் குமிழாகவோ தெரிந்தாலோ பசை விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்து, தொட்டியைச் சமதளத்தில் பழைய செய்தித்தாள் விரித்து வைத்து, முதலில் பாதி, சில மணி நேரம் கழித்து முழுவதும் என்று தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முழு நாள் அப்படியே நிற்கட்டும். செய்தித்தாளில் ஈரம் ஏறினால் எங்கே கசிகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஏறக்குறைய 127 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 127 கிலோ. எனவே நிரப்பிய தொட்டியை அசைக்கவே கூடாது. காலி செய்த பிறகுதான் தூக்க வேண்டும், அதுவும் இரண்டு பேராக. கசிந்தால் வாங்காதீர்கள். பசையைப் பிரித்து மறுபடி ஒட்டும் வேலை பழகிய கைக்குத்தான் சரிப்படும்.

கசியவில்லையா? பொருக்குக்கு வருவோம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும், தண்ணீர் ஆவியாகும்போது கண்ணாடியிலேயே தங்கிவிடுகின்றன. உங்கள் வீட்டுக் குழாய் முனையிலும் ஹீட்டர் கம்பியிலும் பிடிப்பது இதேதான். பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சோப்புக்கு இது கரையாது, கம்பி நாருக்கும் அசையாது. புளிப்பான எதற்கும் விட்டுக்கொடுத்துவிடும். ஒரு சொட்டு வினிகரைப் பொருக்கின் மேல் விட்டுப் பாருங்கள், நுரை பொங்கும். பொங்கினால் வினிகரே போதும். நுரையே வராமல், நகத்துக்கும் எதுவும் தட்டுப்படாமல் கண்ணாடி மங்கலாகவே இருந்தால், கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. அந்த மங்கலை எந்தத் திரவத்தாலும் நீக்க முடியாது. மீனுக்கு அதனால் கெடுதல் இல்லை, பார்வைக்குத்தான் குறை. விலையைக் குறைத்துக் கேட்க அது நியாயமான காரணம்.

இனிச் செய்முறை. வெயில் இல்லாத இடத்தில் கெட்டியான பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் சாக்கு மடித்துப் போட்டு, பொருக்குப் பிடித்த கண்ணாடி கீழே வரும்படி தொட்டியைப் படுக்க வையுங்கள். பிளாஸ்டிக் தாள் மிக முக்கியம். மொசைக், மார்பிள், கடப்பா கல் மூன்றிலும் இருப்பது பொருக்கில் இருக்கும் அதே சுண்ணாம்பு. வினிகர் சிந்தினால் தரையின் பளபளப்பு போய்விடும். பழைய பருத்தித் துணியை வினிகரில் நனைத்துக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் விரியுங்கள். காய்ந்துவிடாமல் மேலே ஒரு பாலித்தீன் உறையைப் போட்டு மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் துணியை எடுத்தால், கல்லாக இருந்தது ஈரச் சுண்ணாம்புக் குழைவாக இளகி, விரலால் தள்ளினாலே நகரும். நீர்மட்டம் நின்ற கோட்டில் மட்டும் தடித்த பொருக்கு இன்னும் பிடிவாதமாக நிற்கும். அங்கே துணியை மறுபடி நனைத்து இன்னொரு இரவு வையுங்கள். பிறகு கண்ணாடி ஈரமாக இருக்கும்போதே சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் தகடு தகடாகக் கழன்று வரும். கண்ணாடியைவிட இந்தப் பொருக்கு மென்மையானது, அதனால் தேய்த்துப் போராடத் தேவையில்லை. பசைக் கோட்டின் பக்கம் பிளேடைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே பழைய பல் தூரிகை போதும். இரும்புச் சட்டம் போட்ட தொட்டியாக இருந்தால் வினிகர் சட்டத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துரு ஏறும். அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடே கூடாது, கோடு விழுந்துவிடும்.

பெரிய தொட்டிக்கு வினிகர் நிறையச் செலவாகும் என்று நினைத்தால், கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு கேளுங்கள். சிட்ரிக் அமிலம்தான் அது. லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கரைத்தால் போதும். ஆனால் கண்ணாடியில் காயவிடாமல் உடனே கழுவிவிட வேண்டும். காய்ந்தால் வேறொரு வெள்ளைப் பூச்சு தங்கிவிடும். வினிகரில் அந்தத் தொல்லை இல்லை.

கழிவறை ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். பொருக்கு நொடியில் கரையும் என்பது உண்மைதான். ஆனால் அதன் புகை நெஞ்சை எரிக்கும், தெறித்தால் கண் போகும். கடையில் விற்கும் பல கழிவறைத் திரவங்களில் நிறமும் மணமும் நுரைப் பொருளும் சேர்த்திருப்பார்கள், அவை மீன் வாழும் இடத்துக்கு ஆகாது. இன்னொன்று: எந்த அமிலத்தோடும், வினிகர் உட்பட, பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சையோ கலக்காதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு. மூடிய குளியலறையில் அது உயிரையே பறிக்கும்.

கழுவி முடித்ததும் நல்ல தண்ணீரால் பலமுறை அலசி, ஒரு நாள் தண்ணீர் நிரப்பி வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு மீன் விடும் ஏற்பாட்டைத் தொடங்குங்கள்.

கேள்வி: உப்புப் படிவு நீக்கும் திரவம் என்று தனியாகப் பாட்டிலில் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தால் யோசிக்கலாம். பெரும்பாலும் ஏதோ ஒரு அமிலம்தான் இருக்கும், நுரைப் பொருள் சேர்த்திருந்தால் தொட்டிக்கு வாங்காதீர்கள். தயாரித்தவர் முகவரி, அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், புகார் தொலைபேசி எண் இவை உறையில் இருக்க வேண்டும் என்பது விதி. இவை இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள்.

கேள்வி: மறுபடி பொருக்குப் பிடிக்காமல் இருக்க ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றலாமா?

பதில்: ஆவியாகிக் குறைந்த அளவை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. ஆவியில் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அதன்மேல் மறுபடி உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் படிவு ஏறத்தான் செய்யும். ஆனால் முழுத் தொட்டியையும் வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பினால் மீன் தாங்காது. சிலர் சிக்கனம் பார்த்து ஆர்.ஓ. எந்திரத்தின் கழிவுநீரை ஊற்றுகிறார்கள், அதில் உப்பு இன்னும் அடர்த்தி. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும். பொருக்குக்குக் காரணமான சுண்ணாம்பு, மக்னீசிய அளவை, அதாவது கடினத்தன்மையை, தனியாக அறிய, தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டி வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் வைக்கச் சொல்கிறது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கிறது. உங்கள் கிணறு அதையும் தாண்டினால் மாநகராட்சிக் குழாய் நீரைக் குளோரின் நீக்கிப் பயன்படுத்துங்கள். முடியாவிட்டால் கப்பி, மோலி வகை மீன்களை வாங்குங்கள். கடின நீர் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளும். தொட்டிக்கு மூடி போட்டு, நீர்மட்டக் கோட்டை வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்தால் பொருக்குக் கட்டாது.