நினைவகம் கெட்டு கெர்னல் விழுகிறது: கெடுத்தது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: வணக்கம் அண்ணா. பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஓர் ஆலையில் சோதனை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சர்க்யூட் போர்டுகளைக் கேமராவில் படம் பிடித்துச் சரிபார்க்கும் இயந்திரம் ஒன்று லினக்ஸ் 5.15 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஓடுகிறது. கேமரா கார்டின் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) சப்ளையர் கொடுத்தது. சோர்ஸ் கோடும் கையில் இருக்கிறது. சில நாள் நன்றாக ஓடும், அப்புறம் திடீரென்று கெர்னல் விழுந்துவிடும். ஒரு தடவை கேமாலாக்கில் (கெர்னலில் நினைவகம் ஒதுக்கும் ஃபங்க்ஷன்), ஒரு தடவை எக்ஸ்ட்4-இல் (கோப்பு முறைமை), ஒரு தடவை சும்மா லாக் எழுதும் நிரலில். போர்டு மாடலை மாற்றிய கொஞ்ச நேரத்தில்தான் அதிகம் நடக்கிறது என்று இரவு ஷிப்டில் சொல்கிறார்கள். ரேமை மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. "அறிக்கையில் எங்கள் டிரைவர் பெயரே இல்லையே" என்கிறார் சப்ளையர். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தம்பி, அறிக்கையில் டிரைவர் பெயர் இல்லை என்பது சரி. ஆனால் அதை வைத்து டிரைவர்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. நினைவகம் கெடும் பிழைகளில் அறிக்கையில் வருவது பெரும்பாலும் அடி வாங்கியவன் பெயர்தான். அடித்தவன் தன் வேலையை முடித்துவிட்டு எப்போதோ போயிருப்பான். விழும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. எக்ஸ்ட்4-இல் பிழை இருந்தால் எக்ஸ்ட்4-இலேயே திரும்பத் திரும்ப விழும். இப்படிச் சிதறி விழுந்தால் யாரோ தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் எழுதுகிறார்கள் என்று அர்த்தம்.

கெர்னலில் சின்னச் சின்ன நினைவகத் துண்டுகளைக் கொடுத்து வாங்குவது ஸ்லப் ஒதுக்கி. 2007-இல் 2.6.22 பதிப்போடு வந்தது. காலியாக இருக்கும் துண்டுகளுக்கு அது தனிப் பட்டியல் வைப்பதில்லை. அடுத்த காலித் துண்டின் முகவரியை இந்தக் காலித் துண்டுக்குள்ளேயே எழுதி வைக்கிறது. அந்த இடத்தில் வேறு யாராவது எழுதிவிட்டால் உடனே ஒன்றும் ஆகாது. பிறகு எவனோ ஒருவன் நினைவகம் கேட்கும்போது, கெட்டுப்போன முகவரியைப் பின்தொடர்ந்து போய்க் கெர்னல் விழும். கேட்டவன் எக்ஸ்ட்4 என்றால் எக்ஸ்ட்4 பெயர் வரும், லாக் நிரல் என்றால் அதன் பெயர் வரும்.

உங்கள் இயந்திரத்தில் இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. உதாரணமாக, 12 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுக்கு, பிக்சலுக்கு ஒரு பைட் என்றால், ஏறத்தாழ 12 எம்பி வேண்டும். கெர்னல் நினைவகத்தைப் பிரிக்கும் 4 கேபி பக்கங்களாகக் கணக்குப் போட்டால் சுமார் 3,000 பக்கங்கள். மாடல் மாற்றும்போது படத்தின் அளவு மாறும். பழைய பஃபரை (படத்துக்கு ஒதுக்கிய நினைவகம்) விடுவித்துவிட்டுப் புதியதை ஒதுக்குவார்கள். விடுவித்த அந்தப் பக்கங்கள் அடுத்த நொடியே யார் கைக்கு வேண்டுமானாலும் போகலாம். அப்போதும் கார்டு பழைய முகவரியில் படத்தைக் கொட்டிக்கொண்டிருந்தால்? என் சந்தேகம் முழுவதும் இங்கேதான். ஆனால் சந்தேகத்தை வைத்துச் சப்ளையரோடு பேச முடியாது, ஆதாரம் வேண்டும்.

முதல் வேலை, பேனிக் ஆன் ஊப்ஸ் என்ற அமைப்பை 1 ஆக்குவது. இது 0-வாக இருந்தால் ஊப்ஸ் (கெர்னல் தனக்குள் பிழை கண்டதும் அச்சிடும் அறிக்கை) வந்த பிறகும் கெர்னல் அந்த ஒரு நிரலை மட்டும் கொன்றுவிட்டுத் தொடர்ந்து ஓடப் பார்க்கும். கெட்டுப்போன நினைவகத்தோடு ஓடி, அதையே வட்டிலும் எழுதினால் கோப்பு முறைமையும் போய்விடும். அதோடு கேடம்ப் வசதியையும் போடுங்கள். கெர்னல் விழுந்ததும் தனியே ஒதுக்கி வைத்த நினைவகத்தில் இன்னொரு சின்னக் கெர்னல் எழுந்து, விழுந்த கெர்னலின் நினைவகத்தைக் கோப்பாகச் சேமித்துவிட்டு இயந்திரத்தை மறுபடி கிளப்பும். 256 எம்பி ஒதுக்கித் தொடங்குங்கள், போதாவிட்டால் 512. லைன் நிற்கும் நேரம் கொஞ்சம் கூடும் என்பதைச் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பழைய அறிக்கைகளையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். எண் 1 என்று குறிக்கப்பட்ட ஊப்ஸை மட்டும் நம்புங்கள். 2, 3 எல்லாம் முதல் விபத்தின் பின்விளைவு. அறிக்கையில் கெர்னலின் நிலையை எழுத்துகளால் குறிக்கும் டெயின்டட் வரியில் டி என்ற எழுத்து இருந்தாலும் அதே அர்த்தம்தான், அதற்கு முன்பே ஒன்று நடந்துவிட்டது. ஓ என்ற எழுத்து வெளியாரின் மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் நிரல்) ஏறியிருப்பதைச் சொல்கிறது. சப்ளையரின் டிரைவர் அங்கே பெயரில்லாமல் நிற்பது அப்படித்தான்.

கேடம்ப் கோப்பு கிடைத்ததும் கிராஷ் என்ற கருவியில் திறந்து, கெட்டுப்போன முகவரியைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பைட் பைட்டாகப் பாருங்கள். அழைப்பு வரிசையை (எந்த ஃபங்க்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) படிப்பதிலேயே பலர் நேரத்தைச் செலவிடுகிறார்கள். எனக்கு இந்த மாதிரிப் பிழைகளில் பைட்டுகள்தான் அதிகம் பேசும். ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருந்தால் ரேம் கோளாறு என்று யோசிக்கலாம். எழுத்துகளாகத் தெரிந்தால் ஏதோ ஒரு சரம் எல்லை தாண்டி வழிந்திருக்கிறது. அடுத்தடுத்த பைட்டுகள் 7எஃப், 80, 80, 7இ (பதினாறடிமான எண்கள்) என்று மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே நீண்ட தூரம் போனால், அது பெரும்பாலும் உங்கள் கேமரா எடுத்த போர்டின் படம். அந்தத் துண்டை எடுத்துச் சாம்பல் நிறப் படமாக வரைந்தே பார்த்துவிடலாம். சர்க்யூட் தடம் தெரிந்தால் அப்புறம் சப்ளையரிடம் வேறு வாதமே வேண்டாம்.

நம் ஊர்ப் புழுக்கத்தால்தான் கணினி சாகிறது என்று எல்லா ஆலையிலும் யாராவது சொல்வார்கள். சூட்டில் ரேம் தவறுவது நடக்காத விஷயமில்லை. ஆனால் அது மாடல் மாற்றும் நேரம் பார்த்து வராது. நீங்கள் ரேமையும் மாற்றிவிட்டீர்கள். அந்தப் பக்கத்தை இப்போதைக்கு மூடிவிடலாம்.

இனி கையும் களவுமாகப் பிடிப்பது. எல்லோரும் முதலில் கேஸான் போடு என்பார்கள். அருமையான கருவிதான், 2015-இல் 4.0 கெர்னலோடு வந்தது. விடுவித்த நினைவகத்தைத் தொட்ட அதே கணத்தில் தொட்டவன், ஒதுக்கியவன், விடுவித்தவன் மூவரின் அழைப்பு வரிசையையும் அச்சடித்துவிடும். ஆனால் அது கம்பைலர் கோடுக்குள் சேர்க்கும் சோதனைகளால் வேலை செய்வது. சிபியு எழுதினால்தான் அதற்குத் தெரியும். கார்டு டிஎம்ஏ மூலம், அதாவது சிபியு இல்லாமலே, நேராக நினைவகத்தில் எழுதும்போது அந்தச் சோதனை எதுவும் ஓடாது. அதனால் கேஸான் ஒன்றும் சொல்லவில்லை என்றால் டிரைவர் சுத்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 5.12 கெர்னலில் வந்த கேஃபென்ஸ் என்ற இதே மாதிரிக் கருவிக்கும் இதே குறை உண்டு.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் போடுவது பேஜ் பாய்சன், பேஜ் ஓனர் இரண்டும். இரண்டுமே பூட் வரியில் (கெர்னல் தொடங்கும்போது கொடுக்கும் அமைப்புகள்) சொல்லி இயக்குபவை, கெர்னலைக் கட்டும்போதே சேர்த்திருக்க வேண்டும். பேஜ் பாய்சன், விடுவித்த பக்கம் முழுவதையும் ஏஏ என்ற மதிப்பால் நிரப்பி வைக்கும். அந்தப் பக்கத்தை மறுபடி யாருக்காவது கொடுக்கும்முன் நிரப்பியது அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். மாறியிருந்தால் பைட்டுகளோடு அறிக்கை தரும். ஒரே பிட் மாறியிருந்தால் அதைத் தனியாகவே சொல்லும். ரேம் சந்தேகத்துக்கும் இது இன்னொரு சோதனை. பேஜ் ஓனர் அந்தப் பக்கத்தைக் கடைசியாக ஒதுக்கியது யார், விடுவித்தது யார் என்று காட்டும். சப்ளையரின் டிரைவர் பெயர் முதல் தடவையாக அறிக்கையில் வரப்போவது இங்கேதான். கூடவே ஸ்லப் டீபக்கையும் எஃப், இசட், பி, யு என்ற நான்கு எழுத்துகளோடு இயக்குங்கள். அது காலித் துண்டுகளை 6பி என்ற மதிப்பால் நிரப்பும். பின்னால் வரும் ஊப்ஸில் முகவரி 6பி6பி6பி என்று நீண்டால், விடுவித்த துண்டிலிருந்து சிபியு ஒரு பாயிண்டரை எடுத்திருக்கிறது. அப்போது கேஸானுக்கு வேலை வந்துவிட்டது.

அடுத்தது ஐஓஎம்எம்யு, கார்டுகள் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று காவல் காக்கும் வன்பொருள். பயாஸில் அணைந்திருந்தால் இயக்கி, பாஸ்த்ரூ (காவல் இல்லாமல் விடும் நிலை) இல்லாமல், ஸ்ட்ரிக்ட் நிலையில் வையுங்கள். ஸ்ட்ரிக்ட் இல்லாவிட்டால் மேப்பிங்கை (கார்டுக்குக் கொடுத்த முகவரி அனுமதி) அவிழ்த்த பிறகும் வன்பொருள் சிறிது நேரம் பழைய முகவரியை அனுமதிக்கலாம், நாம் தேடுவதே அந்தச் சிறிது நேரத்தைத்தான். ஸ்ட்ரிக்டில் கார்டு எல்லை மீறி எழுதினால் அந்த எழுதுதல் தடுக்கப்பட்டு, எந்தக் கார்டு, எந்த முகவரி என்று லாக்கில் வந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டிரைவர் மேப்பிங்கை அவிழ்க்காமலே பக்கங்களை விடுவித்தால் ஐஓஎம்எம்யு அதைத் தடுக்காது. அந்த ஓட்டையைப் பேஜ் பாய்சன் பார்த்துக்கொள்ளும், அதனால்தான் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறேன்.

இவற்றைப் போட்டுவிட்டு நாள்கணக்கில் காத்திருக்காதீர்கள். பராமரிப்புக்கு லைன் நிற்கும் நேரத்தில் கேமராவைத் தொடங்கு, நிறுத்து, அளவை மாற்று, தொடங்கு என்று ஒரு ஸ்கிரிப்டை ஓட விடுங்கள். பக்கத்தில் ஸ்ட்ரெஸ்-என்ஜி போன்ற சுமைச் சோதனை நிரல் ஒன்று நினைவகத்தை ஒதுக்கி விடுவித்துக்கொண்டே இருக்கட்டும். விடுவித்த பக்கங்கள் சீக்கிரம் கைமாறினால் பிழையும் சீக்கிரம் வெளியே வரும்.

சோர்ஸ் கோடு இருப்பதால், டிரைவரில் கேமராவை நிறுத்தும் ஃபங்க்ஷனை இப்போதே திறந்து பாருங்கள். நிறுத்து என்ற பிட்டை ரெஜிஸ்டரில் (கார்டைக் கட்டுப்படுத்தும் இடம்) எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே பஃபரை விடுவித்தால் அங்கேதான் தப்பு. பிசிஐ எக்ஸ்பிரஸில் (கார்டைக் கணினியோடு இணைக்கும் வழி) அப்படி எழுதுவது கார்டைப் போய்ச் சேருவதற்கு முன்பே சிபியு அடுத்த வரிக்குப் போய்விடும். ஏதாவது ஒரு ரெஜிஸ்டரைத் திருப்பிப் படித்தால்தான் எழுதியது போய்ச் சேர்ந்தது என்று நிச்சயம். அதுவும் போதாது, பாதியில் இருக்கும் ஃப்ரேமை முடித்துக் கார்டு ஓய்ந்துவிட்டது என்று நிலை ரெஜிஸ்டர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் இன்டரப்டை (கார்டு சிபியுவை அழைக்கும் சைகை) நிறுத்தி, நிலுவையில் உள்ள ஒர்க் கியூவை (பின்னால் செய்ய வைத்த வேலைகள்) முடியும்வரை காத்திருந்து ரத்து செய்து, டிஎம்ஏ மேப்பிங்கை அவிழ்த்து, கடைசியாகத்தான் பக்கங்களை விடுவிக்க வேண்டும். இந்த வரிசை கலைந்தால் மறுபடியும் இதே கதைதான்.

விரைவான சோதனை ஒன்றும் உண்டு. பஃபரை விடுவிப்பதற்கு முன் பிசிஐ கிளியர் மாஸ்டர் என்ற ஃபங்க்ஷனை அழைத்து, கார்டு தானாக நினைவகத்தில் எழுதும் உரிமையையே எடுத்துவிடுங்கள். மறுபடி தொடங்கும்போது திருப்பிக் கொடுங்கள். அந்த ஸ்கிரிப்டில் இந்த அழைப்போடு விழவில்லை, அழைப்பை நீக்கினால் விழுகிறது என்றால் குற்றம் எங்கே என்று தெரிந்துவிடும். இதையே நிரந்தரத் தீர்வாக வைக்க வேண்டாம், சில கார்டுகள் ஃப்ரேமின் நடுவில் உரிமை போனால் மாட்டிக்கொண்டு நின்றுவிடும்.

சப்ளையருக்கு எழுதும்போது பேஜ் பாய்சன் தந்த முதல் அறிக்கை, ஐஓஎம்எம்யு லாக், அந்த ஸ்கிரிப்ட், நிறுத்தும் ஃபங்க்ஷனில் நீங்கள் சந்தேகப்படும் வரிகள், இவை போதும். கேடம்ப் கோப்பை வெளியே அனுப்புவதற்கு முன் உங்கள் ஆலையின் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் போர்டுப் படங்கள் அதில் இருக்கும்.