அடி வாங்கித் தோற்ற பிறகு பழைய ஆட்டம் திரும்புமா?

கேள்வி: எனக்கு 27 வயது. தொழில்முறை குத்துச்சண்டையில் முதல் 12 சண்டைகளிலும் தோல்வியே இல்லை. போன வருடம் இரண்டாவது ரவுண்டில் ஒரே ஹுக்கில் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) நாக் அவுட் ஆனேன். நான்கு மாதம் கழித்து இறங்கிய சண்டையில் எட்டு ரவுண்டு அடி வாங்கினேன். கோச் துண்டை வீசி நிறுத்தினார். இப்போது ஸ்பாரிங்கில் (பயிற்சி மோதலில்) லேசாக ஒன்று பட்டாலே கால் தளர்கிறது. ஸ்கேன் எடுத்தேன், நார்மல். இன்னும் எட்டு வாரத்தில் ஒரு சண்டை பேசி முடித்திருக்கிறார்கள். பழைய ஃபார்முக்கு வர முடியுமா?

பதில்: வர வாய்ப்பு இருக்கிறது, ஆனால் எட்டு வாரத்தில் வராது. அந்தச் சண்டையை முதலில் ரத்து செய்யுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

தோல்விகளில் பல ரகம் உண்டு. பார்வைக்குத் தப்பி வந்த ஒரே அடியில் விழுவது பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் பலர் அதிலிருந்து முழுசாக மீண்டிருக்கிறார்கள். ஹெவிவெயிட் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ் 1994இல் ஆலிவர் மெக்காலிடமும் 2001இல் ஹசீம் ரஹ்மானிடமும் அப்படித்தான் விழுந்தார். இருவரையும் மறுபடி சந்தித்து வென்றார். ரஹ்மானை ஏழே மாதத்தில். பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பக்கியாவோ 2012 டிசம்பரில் ஹுவான் மானுவேல் மார்க்கேஸின் ஒரு வலது கைக் குத்தில் முகம் குப்புற விழுந்தபோது, அவர் கதை முடிந்தது என்றுதான் பலரும் பேசினார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்தே அடுத்த சண்டைக்கு வந்தார். 2019இல், 40 வயதில், அதுவரை தோல்வியே காணாத கீத் தர்மனை வென்றார்.

உங்களுடைய முதல் தோல்வி இந்த ரகம். என் கவலை எல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான். 1990 மார்ச்சில் அமெரிக்க வீரர் மெல்ட்ரிக் டெய்லர், மெக்சிகோவின் ஹூலியோ சீசர் சாவேஸுடன் மோதினார். மூன்று நடுவர்களில் இருவரின் கணக்கில் டெய்லர்தான் முன்னிலை. ஆனால் பதினோரு ரவுண்டாகப் பட்ட அடி அவரைத் தின்றுவிட்டிருந்தது. கடைசி ரவுண்டில் இரண்டு விநாடி மிச்சமிருக்கும்போது சண்டை நிறுத்தப்பட்டது. அப்போது அவருக்கு 23 வயது. பிறகு வேறொரு எடைப்பிரிவில் பட்டம்கூட வாங்கினார், ஆனாலும் பழைய டெய்லரை யாரும் பார்க்கவில்லை. பிற்காலத்தில் பேச்சே குழறிப்போனது. ஒரே அடியில் விழுவதைவிட விழாமல் நின்று வாங்குவது அதிகம் கெடுக்கும். துணிச்சல் என்று கைதட்டுகிறவர்களுக்கு இது புரிவதில்லை.

காரணம் இதுதான்: தாடையில் ஹுக் பட்டால் தலை வெடுக்கென்று திரும்புகிறது. உள்ளே இருக்கும் மூளையும் முறுக்குப்படுகிறது, நரம்பு இழைகள் இழுபடுகின்றன. வழக்கமான ஸ்கேனில் ரத்தக்கசிவு தெரியும், எலும்பு முறிவு தெரியும்; இந்த இழுபாடு பெரும்பாலும் தெரியாது. அதனால் உங்கள் நார்மல் ரிப்போர்ட்டுக்கு ரத்தக்கசிவு எதுவும் தென்படவில்லை என்ற அளவுக்குத்தான் பொருள். ஆறாத மூளைக்கு அடுத்த அடி சின்னதாக இருந்தாலும் பெரிதாகப் படும். லேசான அடிக்கே கால் தளர்வது அதன் அறிகுறியாக இருக்கலாம். தாடையைப் பலப்படுத்த பயிற்சி எதுவும் கிடையாது. கழுத்துத் தசை ஓரளவு உதவும், அடி வருவதைப் பார்ப்பது அதைவிட உதவும்.

முதல் நாக் அவுட்டுக்குப் பிறகு நான்கே மாதத்தில் இறங்கியது வீண் அவசரம். பல எடைப்பிரிவுகளில் சாம்பியனாக இருந்த ராய் ஜோன்ஸ் ஜூனியருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2004 மே மாதம் டார்வரிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தார், செப்டம்பரில் கிளென் ஜான்சனிடம் மறுபடி விழுந்து எழ முடியாமல் கிடந்தார். அப்போது அவருக்கு 35 வயது. கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு வேகத்தை மட்டுமே நம்பி ஆடியவர். வேகம் ஒரு இழை குறைந்ததும் தடுத்துக்கொள்ள வேறு வழி இல்லை. மீண்டும் அந்த உச்சத்துக்கு அவர் வரவே இல்லை. உங்களுக்கு வயது சாதகம். ஆனால் உங்கள் ஆட்டமும் வேகத்தை மட்டும் நம்பியதா என்று யோசியுங்கள்.

உக்ரைனின் ஹெவிவெயிட் வீரர் விளாடிமிர் கிளிச்கோ 2003இல் கோரி சாண்டர்ஸிடமும் 2004இல் லாமன் ப்ரூஸ்டரிடமும் சுருண்டபோது அவருக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதான். இமானுவேல் ஸ்டூவர்ட் பயிற்சியாளராக வந்த முதல் சண்டையே அந்த ப்ரூஸ்டர் தோல்வி! லூயிஸ் விஷயத்திலும் இதே ஸ்டூவர்ட்தான். தன்னை வீழ்த்திய மெக்காலின் பயிற்சியாளரையே லூயிஸ் தன் பக்கம் அழைத்துக்கொண்டார். கிளிச்கோவின் ஆட்டத்தை ஸ்டூவர்ட் மாற்றி அமைத்தார். நீளமான இடது ஜாப் (கையை நேராக நீட்டி விடும் குத்து), எதிராளி நெருங்கினால் கட்டிப் பிடித்துவிடுவது, அவசரப்படாமல் மூச்சைப் பங்கிடுவது. ரசிகர்களுக்கு அலுப்புதான். 2005இல் சாமுவேல் பீட்டரிடம் மூன்று முறை விழுந்தும் புள்ளிகளில் ஜெயித்தார். 2006இல் பட்டம் பிடித்து 2015 வரை விடவில்லை. பழைய ஃபார்ம் திரும்பியது என்று இதைச் சொல்ல மாட்டேன், வேறொரு வீரராக ஆனார். உங்களுக்கும் அந்த வழிதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஸ்பாரிங்கை இன்றே நிறுத்துங்கள், "லேசாக" என்று சொல்லிக்கூட வேண்டாம். தலைக்காயத்தில் அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். சமநிலை, நினைவாற்றல், எதிர்வினை வேகம் எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். கால் தளர்வதை மறைக்காதீர்கள். நாக் அவுட்டுக்குப் பின் சண்டை போடக் கூடாது என்று விதிக்கும் மருத்துவத் தடை நாட்கள் முடிந்துவிட்டன என்பது மட்டும் போதாது, அது குறைந்தபட்ச வரம்புதான். மருத்துவர் அனுமதித்த பிறகு ஓட்டம், பேக் (தொங்கும் குத்துப் பை), பேட் (கோச் கையில் பிடிக்கும் மெத்தை) என்று படிப்படியாகப் போய், மாதங்கள் கழித்து, மறுபடி அவரைக் கேட்டுத்தான் ஸ்பாரிங். அதுவும் சரியாக வந்தால் முதல் எதிராளி பலமான கை இல்லாதவராக, சண்டை ஆறு ரவுண்டாக இருக்கட்டும். எடையைக் கடைசி நாட்களில் தண்ணீர் குறைத்து இறக்குகிற பழக்கம் இருந்தால் விட்டுவிட்டு மேல் பிரிவுக்குப் போங்கள். கோச் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு கோச் தேடுங்கள். துண்டை எட்டாவது ரவுண்டு வரை கையிலேயே வைத்திருந்தவர் பற்றி எனக்கு ஏற்கெனவே சந்தேகம் உண்டு.

இவ்வளவு ஓய்வுக்குப் பிறகும் லேசான அடிக்குக் கால் தளர்ந்தால், இனி ரிங்குக்குப் போகக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது வீட்டில் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். மறதி, தூக்கக் குறைவு, காரணமில்லாத கோபம் இதெல்லாம் உங்களுக்கு முன் அவர்கள் கண்ணில்தான் படும்.