பள்ளி முதல்வர் நாற்காலிக்கு ஆள் பிடித்துத் தருகிறோம் என்று வருகிறவர்கள்

கேள்வி: நாமக்கல் பக்கம் பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் சிறப்புப் பள்ளி எங்களுடையது. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள 60 பிள்ளைகள் படிக்கிறார்கள். முதல்வர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். எங்கள் சீனியர் டீச்சர் சிறப்புக் கல்வியில் பி.எட்., 14 வருட அனுபவம். ஆனால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். அதனால் அவர் செல்லாது, இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டிக்கொள்வீர்கள் என்கிறது ஒரு கன்சல்டன்சி. அவர்கள் காட்டுவது, டாக்டர் பட்டம் வாங்கிய ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரை. ஆர்.சி.ஐ. தகுதிக்கு வேறொருவரின் சர்டிஃபிகேட்டையும் ஏற்பாடு செய்து தருவார்களாம். என்ன செய்யலாம்?

பதில்: டீச்சரையே முதல்வர் ஆக்கப் பாருங்கள். பதிவைப் புதுப்பிக்கும் வேலையை இன்றே தொடங்கச் சொல்லுங்கள். கன்சல்டன்சிக்காரர் மறுபடி போன் செய்தால் எடுக்காதீர்கள்.

கடைசியாகச் சொன்னீர்களே, சர்டிஃபிகேட் ஏற்பாடு, முதலில் அதைப் பேசிவிடுவோம். மருந்துக் கடையில் ஒருவருடைய சான்றிதழை மாட்டிவைத்துவிட்டு வேறு ஆள் மாத்திரை எடுத்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வியாபாரம்தான் இது. தகுதியுள்ள யாரோ ஒருவர் தன் சான்றிதழை மாத வாடகைக்கு விடுவார். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார். இன்ஸ்பெக்‌ஷன் அன்று வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிடுவார். அதே காகிதம் இன்னொரு பள்ளியிலும் ஓடிக்கொண்டிருக்கும். மாட்டினால் புரோக்கர் போன் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விடுவார். கம்பி எண்ணும் பயம் அறங்காவலர்களான உங்களுக்குத்தான். பொய்யான விவரம் கொடுத்துப் பதிவு வாங்கியிருந்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி பள்ளியின் பதிவையே ரத்து செய்யலாம். 60 பிள்ளைகளும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இந்தத் தரகர்களில் சிலர் பள்ளியிடம் ஒரு மாதச் சம்பளம் கமிஷன் வாங்குவார்கள், வேலைக்கு வருகிறவரிடமும் தனியாக வாங்குவார்கள். ஆறு மாதம் கழித்து அவரையே கிளப்பி வேறு பள்ளிக்குக் கொண்டுபோய் மறுபடி இரண்டு பக்கமும் வாங்குவார்கள். ஒரிஜினல் சான்றிதழ்கள் ஏஜென்சி பீரோவில் இருக்கின்றன என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

சரி, டீச்சர் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் பயமுறுத்தியது இங்கேதான். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, கவுன்சில் பதிவேட்டில் பெயர் இல்லாமல் சிறப்பு ஆசிரியர் பணியைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (ஆயிரம் ரூபாய்க்கு இன்று யார் பயப்படுவார்கள் என்பது வேறு கதை.) உங்கள் டீச்சர் பதிவே இல்லாதவர் இல்லை. முறையாகப் படித்து, பதிவு செய்து, நம்பர் வாங்கி, புதுப்பிக்கத் தவறியவர். அது குறைதான், ஆனால் சரிசெய்யக்கூடிய குறை. புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும். சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் நடக்கும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளில் கலந்துகொண்டு சேர்க்கலாம். இணையவழிப் பயிற்சிகளும் உண்டு. விண்ணப்பம், கட்டண ரசீது, பயிற்சிச் சான்றுகள் மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். புதுப்பித்த சான்றிதழ் வரும்வரை நியமன உத்தரவில் 'பொறுப்பு' என்று போடலாமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். பள்ளிக்கு அரசு மானியம் வருகிறது என்றால் மானிய உத்தரவில் உள்ள தகுதிதான் கடைசி வார்த்தை, அதை எடுத்துப் படித்துவிடுங்கள்.

டெல்லியில் உள்ள ஆர்.சி.ஐ.யிலிருந்து பதில் வர எவ்வளவு நாள் ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள். சர்வர் ஒருநாள் திறக்கும், ஒருநாள் திறக்காது. பிள்ளையைத் தோளில் சுமந்து கழிப்பறைக்குக் கூட்டிப்போகிற ஆசிரியை, தான் ஆசிரியை என்று நிரூபிக்க ராத்திரி பதினொரு மணிக்கு லாகின் செய்துகொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. வாடகைச் சான்றிதழ்க்காரர்களுக்குச் சந்தையை உண்டாக்கிக் கொடுத்ததே இந்தத் தாமதம்தான்.

அந்தத் தலைமை ஆசிரியரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாதாரணப் பள்ளியை நன்றாக நடத்தியவர் என்பதால் இங்கே நடத்திவிடுவார் என்று நினைக்க வேண்டாம். டாக்டர் பட்டம் என்றால் எந்தப் பல்கலைக்கழகம், என்ன ஆய்வு என்று கேளுங்கள். 2023இல் ஒரு தனியார் அமைப்பு அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே அரங்கம் பிடித்துப் போலி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பெரிய பெரிய சினிமாக்காரர்களே வாங்கிக்கொண்டு போனார்கள்.

டீச்சரானாலும் வெளியாளானாலும் ஆபீஸ் அறையில் உட்காரவைத்து மட்டும் பேட்டி எடுக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் வகுப்புக்குள் விடுங்கள். ஒரு பையன் தட்டைத் தள்ளிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான் என்று வையுங்கள். வந்தவர் ஆயாவைப் பார்த்து "இவனுக்கு என்னம்மா?" என்று கேட்கிறாரா, குனிந்து பையனிடம் பேசுகிறாரா, அல்லது மின்விசிறிச் சத்தமோ மிக்ஸிச் சத்தமோ இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்கிறாரா? "ரெண்டு போட்டால் சரியாகிவிடும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பிறகு ஒரு பிள்ளையின் ஃபைலைப் பெயரை மறைத்துக் கொடுத்து, மூன்று மாத இலக்கு எழுதச் சொல்லுங்கள். "இயக்கத் திறன் மேம்படும்" என்று எழுதுகிறவர் நோட்ஸ் மனப்பாடம் செய்தவர். "சட்டையின் மேல் இரண்டு பொத்தானைத் தானே போடுவான், முதல் மாதம் பெரிய பொத்தான் வைத்துப் பழக்கலாம்" என்று எழுதுகிறவர் பிள்ளையோடு உட்கார்ந்தவர்.

காவல்துறைச் சரிபார்ப்பு கட்டாயம். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் எல்லா ஊழியருக்கும் அது உண்டு, முதல்வருக்கும்தான். வெளியாள் என்றால் பழைய பள்ளியின் நிர்வாகியிடம் மட்டும் விசாரிக்காதீர்கள். அங்கே பிள்ளை படித்த இரண்டு பெற்றோரிடமும் பேசுங்கள்.

டீச்சருக்குக் கணக்கு வழக்கு, பி.எஃப்., மானியக் கடிதமெல்லாம் பழக்கமில்லை என்று அடுத்த கவலை வரும். அதற்கு அரை நாள் வேலைக்கு ஒரு கணக்காளரைப் போடுங்கள், கன்சல்டன்சிக்குக் கொடுக்க இருந்த பணத்தில் சில மாதம் ஓடும். பழைய முதல்வர் கிளம்பும் முன் எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும், எந்த மாத்திரை, யாருக்கு என்ன ஒவ்வாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியில் அவர் கையெழுத்து இருந்தால் ஏப்ரலிலேயே மாற்ற எழுதிக் கொடுங்கள், மே மாதம் சம்பளம் நின்றுவிடப் போகிறது.